மூணாவது தொட்டிக்கு மட்டும்

வில்லியே-மோர்கோன்
மார்ச் மாதம்

அன்பு மகள் நிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "எல்லாத் தொட்டி ஒயினையும், கெடாமலிருக்கப் போடும் கந்தகமே போடாமல் பாட்டிலில் அடைத்துக் கொடுங்கள், சிங்கப்பூரில் என் வாடிக்கையாளர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதை அப்பாவிடம் பிரெஞ்சில் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு கவாத்துக்குப் போய்விட்டார். கொடி அவர் பொறுப்பு, தொட்டி என் பொறுப்பு. அதனால் பதில் நான்தான் சொல்ல வேண்டும்.

நாலில் மூன்று தொட்டி நீ கேட்டபடியே வரும். மூணாவது தொட்டிக்குக் கந்தகம் போட்டாயிற்று. லிட்டருக்கு 20 மில்லிகிராம்.

கோபப்படாதே, காரணம் கேள். நம் கமே ரகத் திராட்சையை நாம் நசுக்குவதில்லை, உனக்குத் தெரியும். முழுக் குலையாகத் தொட்டியில் கொட்டி மூடிவிடுகிறோம். அடியில் கிடப்பது பாரத்தில் நசுங்கிச் சாறு விடும், அது நுரைக்கும், கரியமில வாயு எழும்பித் தொட்டியை நிறைக்கும். மேலே நசுங்காமல் கிடக்கும் பழம், காற்றே இல்லாமல், தோலுக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். இரண்டு சதவீதம் போல ஆல்கஹால் அங்கேயே ஊறிவிடும். நம் பொஜொலே வட்டார ஒயினின் அந்தப் பழவாசனை பாதி அங்கிருந்துதான் வருகிறது.

சிக்கலும் அங்கேதான். இரண்டு வாரம் கழித்துப் பிழியும்போது பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை மொத்தமாக வெளியே வரும். ஈஸ்ட் வலுவாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடும். களைத்துப் போயிருந்தால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். அது மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுவதோடு நின்றால் நல்லது, நமக்கும் அதுதான் வேண்டும். ஆனால் சர்க்கரை மிச்சமிருக்கும்போது அது சர்க்கரையையும் தின்னும், தின்றால் காடி வாடைதான். மூணாவது தொட்டியில் சர்க்கரை தீரும் முன்பே அடர்த்திமானி 1003-இல் நின்றுவிட்டது. மறுநாளும் அதே 1003. நுண்ணோக்கியில் பார்த்தேன். ஈஸ்ட் மொட்டு விடவில்லை, நடுவே குட்டிக் குட்டிக் குச்சியாகப் பாக்டீரியா. அன்று மாலையே கந்தகம் போட்டேன். பாக்டீரியா அடங்கியது, அப்புறம் இரண்டாவது தொட்டியின் துடிப்பான வண்டலைக் கொஞ்சம் ஊற்றியதும் ஈஸ்ட் மறுபடி கிளம்பி வேலையை முடித்தது. போடாமல் இருந்திருந்தால் இன்று உனக்கு நல்ல வினிகர் அனுப்பியிருப்பேன்.

அது ஏன் அந்தத் தொட்டி மட்டும் என்று கேட்பாய். தோட்டத்தின் கீழ்த்துண்டில் விளைந்த பழம் அது. மழை விட்டதும் பாதிக் குலை அழுகல், பொறுக்கிப் பொறுக்கிக் கழித்தோம். ஒன்றும் சேர்க்காமல் ஒயின் செய்ய வேண்டுமென்றால் பழம் சுத்தமாக வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. இந்தப் பக்கத்தில் இதையெல்லாம் முதலில் சொல்லிக் கொடுத்த ஜூல் ஷோவே ஒரு வேதியியல்காரர், தெரியுமா? கந்தகம் வேண்டாம் என்றவர் நாள் முழுக்க நுண்ணோக்கியும் சோதனைக் குழாயுமாக இருந்தார். அவரிடம் கற்ற மர்செல் லபியேர் நம் ஊர்க்காரர், 2010-இல் காலமானார். அவர் வீட்டு ஒயினிலும் கந்தகம் இல்லாததும் உண்டு, துளி சேர்த்ததும் உண்டு. இப்போது "இயற்கை ஒயின்" என்று பேசும் பிள்ளைகள் பலர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தானாக ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

வாடிக்கையாளரிடம் "எங்கம்மா ஒயின் தோசை மாவு மாதிரி, தானாகப் புளிப்பது" என்று சொல்கிறாயாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாவை மறுநாள் காலை கல்லில் ஊற்றிச் சுட்டுவிடுகிறோம், கதை முடிந்தது. இது சுடாமல், உயிரோடு, பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டிய சாமான். அதுவும் உங்கள் ஊர் வெயிலில்.

லேபிளுக்கு வருவோம். "சல்பைட் அறவே இல்லை" என்று எந்தத் தொட்டிக்கும் எழுதாதே; லேபிளில் கந்தகத்துக்கு அதுதான் பெயர். ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் உண்டாக்கும், சில சமயம் 10 மில்லிகிராமைத் தாண்டும். லிட்டருக்கு 10-ஐத் தாண்டினால் "சல்பைட் உள்ளது" என்று போட்டாக வேண்டும், இங்கும் அங்கும். "சேர்க்கவில்லை" என்பதுதான் சரியான சொல். சோதனைக்கூடத் தாளை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். மூணாவது தொட்டிக்கு 20 என்று வெளிப்படையாகவே எழுது. ஐரோப்பாவில் சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு 150 வரை விடுகிறார்கள், ஆர்கானிக் சான்றிதழ் வாங்கியதற்கு 100. பிரான்சில் 2020-இல் வந்த இயற்கை ஒயின் முத்திரையே 30 வரை ஒத்துக்கொள்கிறது. நம் 20-க்கு ஒளிவுமறைவு எதற்கு?

இன்னொன்று. உன் பிரசுரத்தில் "மருந்தே அடிக்காத தோட்டம்" என்று இருக்கிறது. எடுத்துவிடு. செம்பு கலந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து அப்பா அடிக்கத்தான் செய்கிறார், அது இல்லாமல் அடிச்சாம்பல் நோயிடமிருந்து ஒரு இலை தப்பாது. 2024-இல் மழை விடாமல் பெய்தபோது விடிய நாலு மணிக்கு எழுந்து அடித்தார். ஆர்கானிக் விதிப்படி ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு, அவ்வளவுதான். செம்பு மண்ணை விட்டுப் போகாது, அந்தக் கவலை அவருக்கும் இருக்கிறது. ரசாயனக் களைக்கொல்லி இல்லை, பூச்சிக்கொல்லி இல்லை, கையால் பறிப்பு. இதை எழுது, போதும்.

அப்புறம் அந்த எலி வாடை விஷயம், கந்தகம் போடாத ஒயினில் சில சமயம் வருமே அந்தக் கெட்ட வாடை. போன சரக்கில் ஒரு பெட்டியைப் பற்றி ஒருவர் குறை சொன்னாராமே, நீ முகர்ந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றாயாம். மூக்கில் அது தெரியாது, கண்ணு. விழுங்கிய பிறகு, எச்சிலோடு கலந்து புளிப்பு குறைந்ததும்தான் தொண்டையில் ஏறும், பத்து விநாடி ஆகலாம். சிலருக்கு ஒருபோதும் தெரியாது, உன் அப்பா அதில் ஒருவர். புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்து மோந்து பார், பிடிபட்டுவிடும். அவர் சொன்னது சரியாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடு. விவாதம் செய்யாதே.

ஏப்ரல் கடைசியில் அடைக்கிறோம். ஜூன், ஜூலையில் கப்பல் ஏற்ற மாட்டேன். குளிர்பெட்டி கிடைத்தால் மே, இல்லாவிட்டால் அக்டோபர். கிடங்கில் 14 டிகிரியைத் தாண்ட விடாதே, முக்கியமாகக் கந்தகம் சேர்க்காத மூன்றும்.

இந்த வருஷப் பறிப்பு ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கும் போலிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு இருபது பேர் இருப்பார்கள், எனக்குத் தொட்டியை விட்டு நகர முடியாது. நீ வருவாயா என்று அப்பா கேட்கச் சொன்னார், அவராகக் கேட்க மாட்டார். வந்தால் உங்கள் ஊர் தேக்கா கடைத்தெருவிலிருந்து புளியும் பெருங்காயமும் வாங்கி வா. லியோனில் கிடைக்கும் பெருங்காயம் வெறும் மாவு.

லேபிள் வாசகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா