மேற்கு முகத்து யாளிகள் ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும்: திருப்பணிக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

சிவமயம்.

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிழைப்புக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ராஜகோபுரத்தின் முதல் நிலையில் கிழக்கு முகத்து யாளிகள் இரண்டும் சுவாமி அருளாலும் உங்கள் கொடையாலும் எழுந்துவிட்டன. கொடிமரத்தைப் பார்த்திருக்கும் மேற்கு முகத்தில் இரண்டு மூலைகளும் வெறுமையாகக் கிடக்கின்றன. தை மாதம் கும்பாபிஷேகம். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் உருவம் செய்யும் வேலை, நடக்காது; ஈரச் சுண்ணாம்பை மழை கரைத்துவிடும். ஆவணி முதல் தேதி சாரம் கட்டி, புரட்டாசிக்குள் உருவம் முடிந்தாக வேண்டும். அதற்கு ரூ.2,58,000 குறைகிறது. ஆடி முடிவதற்குள் அது கைக்கு வந்தால்தான் சிற்பிகளுக்கு முன்பணம் கொடுத்து நாள் வாங்க முடியும்.

யாளியின் பெருமையை நம் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறோம். யானையையே வேட்டையாடும் ஆளியை, அதாவது யாளியை, சங்கப் பாட்டுகள் பேசுகின்றன. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பம் புலிக்குகையின் வாயைச் சுற்றிப் பல்லவர் காலத்தில் 11 யாளித் தலைகளைச் செதுக்கினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி யாளி வரி ஓடுகிறது. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் மதுரைப் புதுமண்டபத்திலும் யாளிகள் தூணோடு தூணாகப் பாய்ந்து நிற்கின்றன. அந்த மரபில் வந்ததுதான் நம் கோபுரமும். இதை எந்த மன்னரும் கட்டிக் கொடுக்கவில்லை. களத்தில் நெல் அளக்கும்போதே சுவாமிக்கென்று ஒதுக்கிவைத்த மரக்கால் நெல்லில் எழுந்த கோபுரம் இது.

நம்முடையது யானைமுக யாளி. உடல் சிங்கம், துதிக்கையும் தந்தமும் யானை, விறைத்த காது குதிரை, பின்னோக்கிச் சுருண்ட கொம்பு ஆட்டுக்கடா. இப்படி ஒரு விலங்கு எங்கும் கிடையாது. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் அதற்குரிய விலங்கைப் பார்த்துச் செய்யப்பட்டால்தான் மொத்தமும் உயிரோடு நிற்கும். கிழக்கு யாளியின் துதிக்கை நுனியை அண்ணாந்து பாருங்கள். நம் நாட்டு யானைக்கு இருப்பதுபோல மேல் உதட்டில் ஒரே ஒரு விரல் இருக்கும். முன்காலில் நகங்களை வெளியே நீட்டிவிட்டிருக்கிறார்கள், இரையைப் பிடிக்கும் சிங்கம் நீட்டுவதுபோல. ஆறடி உருவத்தில் தலை மட்டும் இரண்டடி. கீழே நின்று பார்ப்பவருக்குத் தலை சிறுத்துத் தெரியும் என்பதால் அதைப் பெரிதாக்கி, முகத்தையும் சற்றுக் குனிய வைத்திருக்கிறார்கள்.

பழைய யாளிகள் ஏன் விழுந்தன என்று பலர் கேட்கிறார்கள். முன்பு நடந்த ஒரு பழுதுபார்ப்பில் உள்ளே இரும்புக் கம்பி கொடுத்து, மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும். பருத்த கம்பி சுதையை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. சிமெண்ட் பூச்சு உள் ஈரத்தை வெளியே விடாமல் தடுத்து, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. விரிசலில் அரசங்கன்று வேர்விட்டது. முகத்திலிருந்து இரண்டடி வெளியே நீண்டிருந்த துதிக்கைதான் முதலில் போனது.

அதனால் இம்முறை சிமெண்டும் இரும்பும் கோபுரத்தில் ஏறாது. துதிக்கை நுனியிலிருந்து தலை வழியாக முதுகுச் செங்கல் கட்டு வரை ஒரே எவர்சில்வர் கம்பி ஓடும். அதன்மேல் செம்புக் கம்பி சுற்றினால்தான் சுதை பிடித்து நிற்கும். சுண்ணாம்பு பங்குனி மாதமே தொட்டியில் நீற்றி ஊறிக்கொண்டிருக்கிறது. சரியாக நீறாத ஒரு சிறு கட்டி உள்ளே மாட்டிக்கொண்டாலும் மாதங்கள் கழித்து நீர் குடித்துப் பொரிந்து மேற்பூச்சைத் தள்ளிவிடும். ஆகவே இருமுறை சலிக்கிறோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு ஆற்றுமணல். 100 கிலோ சுண்ணாம்புக்கு 3 கிலோ கடுக்காயும் 3 கிலோ கருப்பட்டியும் இரண்டு நாள் ஊறவைத்த நீரில் அரைக்கிறோம். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அவசரப்பட்டுக் கனமாக அப்பினால் மேல் காய்ந்து, உள் காயாமல் வெடிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுதை இறுகுகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நனைத்த சாக்கு போர்த்திக் காத்திருக்க வேண்டும். 45 வேலை நாள் ஏன் என்பதற்கு இதுவே பதில். ஆளைக் கூட்டி அதைக் குறைக்க முடியாது.

இரண்டு யாளிகளுக்கான கணக்கு:

சிற்பிகள் இருவர், உதவியாளர் இருவர், நாளொன்றுக்கு ரூ.4,800 வீதம் 45 நாள் – ரூ.2,16,000
எவர்சில்வர், செம்புக் கம்பிகள் – ரூ.45,000
சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி – ரூ.29,000
சவுக்குச் சாரம் – ரூ.28,000
வண்ணம் (மழை விட்டபின் மார்கழியில்) – ரூ.18,000
செங்கல் – ரூ.9,000
மொத்தம் – ரூ.3,45,000
கையிருப்பு – ரூ.87,000

கிழக்கு யாளிகளுக்குக் கொடுத்தவர்களை மறந்தால் எங்களுக்குப் பாவம் வந்து சேரும். சீட்டுப் பணத்தில் பங்கு ஒதுக்கிய கீழத்தெரு மகளிர் குழுவினருக்கும், கூலி வாங்காமல் சாரம் கட்டிய வடக்குத்தெரு கொத்தனார்களுக்கும், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மாதம் தவறாமல் அனுப்பிய தம்பிகளுக்கும், கருப்பட்டி முழுவதையும் தன் பொறுப்பில் ஏற்ற பனையேறிக் குடும்பத்துக்கும், உண்டியல் உடைத்துச் சில்லறையைக் கொண்டுவந்து கொட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கும், முதியோர் உதவித்தொகை வாங்கிய கையோடு நூறு ரூபாயை நீட்டிய பாட்டிமார்களுக்கும் நன்றி. அந்த நூறு ரூபாய்க்கு நாங்கள் எழுதிய ரசீதுதான் எங்கள் நோட்டில் பெரிய வரவு. அம்பாள் உங்கள் குலத்தைக் காப்பாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ரூ.1,000 என்று ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கி ஒப்புக்கொண்டோம். இன்னும் 74 தலைக்கட்டு பாக்கி. அதில் உண்மையிலேயே முடியாதவர்கள் உண்டு. அவர்கள் ஒருநாள் மண் சலிக்க வந்தாலே போதும், வரவில் எழுதிக்கொள்கிறோம். ஆனால் காதுகுத்துக்கு ஃபிளக்ஸ் வைக்க வசதி இருக்கிறவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயரைப் பலகையில் எழுத மாட்டோம். சன்னதி முன் கொடுத்த வாக்கு அது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். கும்பாபிஷேகத்தன்று சம்பந்தி வீட்டார் அண்ணாந்து பார்த்து, அந்தப் பக்கம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது குழு மட்டுமில்லை, ஊர் முழுவதும்தான்.

ஒரு யாளிக்கு முழு உபயம் ரூ.1,72,500. அண்ணன் தம்பிகள் சேர்ந்தும் ஏற்கலாம். ஒரு நாள் கூலி உபயம் ரூ.4,800, பிறந்தநாள், பெற்றோர் திதி நாளில் அந்த நாள் வேலை உங்கள் பெயரில் நடக்கும். பொருளாகத் தருவோர் கடுக்காய், கருப்பட்டி தரலாம். கருப்பட்டியில் சர்க்கரை கலந்திருக்கக் கூடாது. வாங்கும் முன் குழுவிடம் காட்டுங்கள். சிமெண்ட் மூட்டை தயவுசெய்து வேண்டாம்.

பணத்தைக் கோயில் அலுவலகத்தில் காலை 7 முதல் 11 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் செலுத்தலாம். வெளியூரில் இருப்பவர்கள் கோயில் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பி, பெயரையும் நட்சத்திரத்தையும் தெரிவியுங்கள். முத்திரையிட்ட ரசீது இல்லாமல் யார் கேட்டாலும், குழு உறுப்பினரே கேட்டாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு பிரதோஷத்தன்றும் நந்தி மண்டபத்தில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்