அம்மிணிக்கு, அந்த டிரெயின் பிளக் விஷயமாக

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பின போட்டோ வந்தது, புல்லட் எஞ்சின் அடியில் ஆயில் வடிக்கிற பிளக்கைக் கழற்றி எடுத்தது. "டிரெயின் பிளக் ஒழுகுதுப்பா, புதுசு எங்கே கிடைக்கும்" என்று ஒரு வரிதான் கூட இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அனுப்பியிருக்கிறாய். அந்நேரத்துக்கு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இவள் என்ன செய்கிறாள் என்று அம்மா கேட்டாள். ஆயில் மாற்றுவதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சரி, அது இருக்கட்டும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புது பிளக் மாட்டினால் நிற்காது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரைப் பள்ளத்தில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஒட்டியிருக்கிறதே, அது பிளக்கில் இருந்து வந்ததில்லை. காந்தத்தை வைத்துப் பார், ஒட்டாது. அது எஞ்சின் அடியில் இருக்கிற கிராங்க் கேஸின் அலுமினியம். பேர்தான் காஸ்ட் அயர்ன் புல்லட். இரும்பெல்லாம் மேலே சிலிண்டரோடு சரி, அடியில் கிராங்க் கேஸ் அலுமினியம்தான். இரும்பு பிளக்கை இறுக்க இறுக்க அலுமினியத்தில் இருக்கிற மரைதான் கழன்று வரும். ஒழுகுகிறதே என்று ஒவ்வொரு தடவையும் இன்னும் அரைச் சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று இறுக்கியிருக்கிறது. யார் இறுக்கினது என்று நான் கேட்கவில்லை. ஒழுகினால் இறுக்கக் கூடாது அம்மிணி, வாஷரை மாற்ற வேண்டும். நீ காலேஜ் படிக்கும்போதே இதைச் சொல்லியிருக்கிறேன்.

செம்பு வாஷர் ஒரு தரம் நசுங்கினால் கெட்டிப்பட்டுப் போகும். புதுசு இல்லையென்றால் அதையே இடுக்கியில் பிடித்து, அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மெதுவாகிவிடும். அப்பாரு விறகடுப்பில் காய்ச்சும்போது, அது தண்ணீரில் விழுந்து போடுகிற சத்தத்துக்காகவே நீ பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு வந்து உட்கார்ந்துகொள்வாய். உன் அண்ணன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொண்டது இந்த வீட்டில் நீ ஒருத்திதான். பெருந்துறைக் கடைவீதியில் நீ புல்லட்டில் போனபோது நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனிமேல் எதைப் பற்றிப் பேசினாலும் போட்டுக்கொள்ள மாட்டேன்.

வண்டி ரொம்ப நாள் நின்றிருக்கிறது, டயரைப் பார்த்தாலே தெரிகிறது. ஞாயிறு தவறாமல் ரெண்டு பேரும் நந்தி மலைக்குப் போவீர்களே. அப்படி நின்ற வண்டியில் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டினால் உடனே ஆயிலை ஊற்றிவிடாதே. பழைய புல்லட்டில் ஆயில் டேங்கில் இருக்கிற ஆயில், பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஆயில் உள்ளேதான் இருக்கும், டேங்கில்தான் இருக்காது. மேலே ஊற்றினால் ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் குழாய் வழியாகக் கக்கும். அடியில் ரெண்டு பிளக் இருப்பது இதற்காகத்தான், டேங்குக்கு ஒன்று, கிராங்குக்கு ஒன்று. நீ கழற்றினது எது என்று போட்டோவில் தெரியவில்லை. எழுது.

எம்-சீல் அப்பி ஓட்டு என்று எவனாவது சொல்வான், கேட்காதே. டெஃப்லான் டேப்பும் சுற்றாதே, பிசிறு உள்ளே போனால் ஆயில் வழியை அடைக்கும். முக்கியமாக ஓட்டாதே. மரை போன பிளக் ஓட்டத்தில் கழன்று விழுந்தால் ஆயில் மொத்தமும் பின் டயரில்தான் அடிக்கும். அதே வண்டியில் தொப்பூர் இறக்கத்தில் வந்துவிடலாம் என்று நினைத்துக்கூடப் பார்க்காதே.

செய்ய வேண்டியது ஹெலிகாயில். போன மரையைத் துளைத்துப் பெரிதாக்கி, மரை வெட்டுகிற டேப்பால் புது மரை போட்டு, ஸ்டீல் கம்பிச் சுருளை உள்ளே திருகி இறக்குவது. அந்த டேப்புக்கு கிரீஸ் தடவிக்கொண்டால் சீவல் உள்ளே விழாது. கடைசியில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும். நேராக இறங்கினால் அந்த மரை பழைய அலுமினிய மரையைவிட பலமாக நிற்கும். சாய்ந்துவிட்டால் கேஸே போச்சு. அப்பாரு 1972-ல் வாங்கின வண்டிக்கு இன்னொரு கேஸ் வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டையில்தான் தேட வேண்டும். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் பிளக் கிடைக்கும், ஆள் எப்படி என்று எனக்குத் தெரியாது. கோயம்புத்தூர் கணபதியில் நமக்குத் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது. பட்டறைக்காரரிடம் பேசிவிட்டேன்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். மஞ்சள் விலை, குன்னத்தூர் அத்தை மகள் கல்யாணம் எல்லாம் அம்மா சொல்வாள். ஆடி நோம்பிக்கு ஏன் வரவில்லை என்று அத்தை கேட்டாள். வேலை என்று சொன்னேன். ஒரு போன் செய்திருக்கலாம் நீ.

வண்டியை லாரி பார்சலில் போடு. ஆயிலையும் பெட்ரோலையும் வடித்துவிட்டுப் போடு. வாஷரையும் அந்தச் சுருளையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொண்டு வா, பட்டறைக்காரர் பார்க்க வேண்டும் என்றார். நீ பஸ்ஸில் வா. மாப்பிள்ளையோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி, எத்தனை நாள் இருந்தாலும் சரி. மாடி அறையை அம்மா கழுவி வைத்திருக்கிறாள். எந்த பஸ் என்று மட்டும் முன்னாடியே சொல். பைபாஸில் இறங்கி ராத்திரியில் ஆட்டோ தேடாதே, நான் வந்து நிற்கிறேன்.

அப்பா