ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

நாமக்கல்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதணி விழா நல்லபடியாக நடந்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை இருந்ததால்தான் வர முடியவில்லை. இப்போது ஊசியில் தானே நூல் கோக்கிறாள்.

படித்ததிலிருந்து உன் வண்டியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறாராம். அவசரப்படாதே. நீ எழுதியிருக்கும் அடையாளங்கள் அதற்குப் பொருந்தவில்லை. அடிவாரம் வரை சூடு காட்டும் முள் அசைவதில்லை, கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலையைத் தாண்டிய பிறகுதான் கொதிக்கிறது. நிறுத்திய இடத்தில் தரை காய்ந்தே கிடக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் நிறம் மாறவில்லை, புகையும் வழக்கம்போலத்தான். தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தால் ஆயில் வெளுத்துக் குழம்பியிருக்கும். சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, அதில் தித்திப்பு வாடையும் அடிக்கும்.

என் சந்தேகம் முதலில் ரேடியேட்டர் மூடியின் மேல்தான். அதன் தலையில் 0.9 என்றோ (பார் கணக்கு) 13 என்றோ (பி.எஸ்.ஐ. கணக்கு) பொறித்திருக்கும். அதுதான் அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தம் நிற்கும்வரை, கீழே சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே 82 டிகிரி அளவில் என்றால், மலையேற்றத்தில் இன்ஜினுக்கு என்ன இடைவெளி மிஞ்சும்? சமவெளியில் தெரியாத குறை மேலே போனதும் தெரிவது இதனால்தான்.

மூடி வலுவிழந்தால் தண்ணீர் பக்கக் குழாய் வழியாக உபரித் தண்ணீர் சேரும் டப்பாவுக்குப் போய், நிரம்பி, வண்டி ஓடும்போதே சாலையில் சிந்திவிடும். நிறுத்திய பிறகு தரையைப் பார்த்து என்ன பயன்? இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து உள்பக்கத்து ரப்பரை விரலால் தடவிப் பார். சூட்டோடு திறக்கவே திறக்காதே. பழைய குக்கர் வளையம்போல் இறுகி வெடித்திருந்தால் மூடியை மாற்று. பொறித்திருக்கும் அதே எண்ணில் வாங்கு. பெரிய எண்ணாகப் போட்டால் ஹோஸும் ரேடியேட்டரும் பாதிக்கப்படும்.

அடுத்தது, தண்ணீரை இன்ஜினுக்குள் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப். தண்டுக்கு நேர் கீழே பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேறட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு கீழிருந்து பார். கசியும் சொட்டு சூட்டில் காய்ந்துவிடும், ஆனால் கூலன்ட்டின் (ரேடியேட்டரில் ஊற்றும் நிறமுள்ள திரவம்) நிறத்தில் பொருக்குத் தட்டிய கறையை விட்டுப்போகும். வெறும் போர் தண்ணீர் என்றால் வெள்ளை உப்பு. விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் பேரிங்கின் நிலையும் தெரிந்துவிடும். இன்ஜின் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகளையும் விடாதே. வருடக்கணக்காக வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் அவை உள்ளிருந்தே துருப்பிடித்துத் துளை விழும்.

கேஸ்கெட் சந்தேகம் தீர, காலையில் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். முதலில் சில குமிழ்கள் வரும், அது உள்ளே தங்கியிருந்த காற்று. குமிழ் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீரில் கசிகிறது என்று பொருள், மெக்கானிக் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். சூடேறத் தொடங்கும் முன்பே நிறுத்திவிடு.

இத்தனையும் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கழற்றினால் லேத் பட்டறையில் மட்டம் பார்க்க வேண்டும், புதுக் கேஸ்கெட் போட வேண்டும், போல்ட்டுகளை வரிசை தவறாமல் முறுக்க வேண்டும். பழுது மூடியில் இருந்தால், இவ்வளவும் செய்த பிறகும் அதே வளைவில் கொதிக்கும். பூம்பாறைப் பூண்டை நம்பி நீ குடும்பம் நடத்துகிறாய். வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கக் கூடாது.

மஞ்சள்தூள் போட்டால் ஒழுகல் அடைபடும் என்று எவராவது சொல்வார். அடைபடும்தான். கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபடும். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொன்னாலும் கேட்காதே. சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

கூலன்ட்டை இறக்கினால் வாளியில் பிடித்து மூடி வை. தித்திப்பாக இருப்பதால் ஆடும் நாயும் நக்கிவிடும், அது கொடிய விஷம்.

அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கைப்பம்பு என்னிடம் இருக்கிறது. ஆறிய இன்ஜினில் மூடியின் எண் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் முள்ளைக் கவனித்தால், மறைந்திருக்கும் கசிவும் வெளியே வரும். அடுத்த ஞாயிறு மச்சினன் வீட்டுக்காகத் திண்டுக்கல் வருகிறேன், அப்படியே வத்தலக்குண்டுக்கும் வந்துவிடுகிறேன். பழைய மூடியைத் தூக்கி எறிந்துவிடாதே, நான் பார்க்க வேண்டும். வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் மூட்டையிலிருந்து இரண்டு கிலோ மலைப்பூண்டு எடுத்து வை. காசு வாங்கிக்கொள்வதாக இருந்தால் மட்டும்.

அன்புடன்,
செல்வராஜ்