முதியோர் நகர்களாகிவிட்ட மனைப்பிரிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வுக்காலக் குடியிருப்பு என்றால் மதில் சூழ்ந்த வளாகம், பொதுச் சமையற்கூடம், மாதப் பராமரிப்புக் கட்டணம் என்றே இப்போது பலரும் எண்ணுகிறார்கள். யாரும் அப்படித் திட்டமிடாமலே, முப்பது ஆண்டுகளில் தாமாகவே முதியோர் குடியிருப்புகளாகிப்போன மனைப்பிரிவுகள் கடலூரில் பல உள்ளன. நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டிய அத்தகைய ஒரு நகரில் 1991 முதல் வசிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றியவர்கள், ஓய்வு பெற்றால் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். பணிக்கொடையும் வைப்பு நிதியும் கைக்கு வந்ததும் அவர்களில் பலர் வடலூரிலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். கடலூரின் மஞ்சக்குப்பம் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களில் இருந்தவர்களும், என்னைப் போன்ற ஆசிரியர்களும் அவர்களுக்கு அண்டைவீட்டாரானோம்.

அன்று எங்கள் நலச் சங்கத்தில் பேசப்பட்டவை நியாயவிலைக் கடையும் தெருவிளக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான பேருந்து நிறுத்தமும்தான். பிள்ளைகளுக்காக மாடி எழுப்பினோம். வாடகைக்கு விடவும் வசதிப்படும் என்று படிக்கட்டை வெளிப்புறம் வைத்தோம். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். மழையில் பாசி படியும் அந்தப் படிகளில் ஏறி மேல்நிலைத் தொட்டியைப் பார்க்கத் துணிவில்லாமல், பிளம்பர் வரும் வரை வாசலில் காத்திருக்கும் முதியவர்களுள் நானும் ஒருவன். இப்போதெல்லாம் சங்கக் கூட்டத்தில், முட்டுச்சந்தில் ஆம்புலன்ஸ் எப்படித் திரும்பும் என்பதுதான் பேச்சு.

இவற்றினும் பெரிய சிக்கல் சாலை. ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மீதே புதிய சாலை போடப்பட்டதால், மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறோம். மூட்டுவலிக்காரர்கள் இறங்குவது ஒருபுறமிருக்க, மழைநீரும் அதே வழியில்தான் இறங்குகிறது. 2011-இல் தானே புயல் அடித்தபோதும் 2015 வெள்ளத்தின்போதும் எங்களில் பலருக்குச் சாமான்களை மாடிக்குத் தூக்கிச் செல்லத் தெம்பிருந்தது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் சாத்தனூர் அணை நீர் பெருகி வந்தபோது, படுத்த படுக்கையாக இருந்த பக்கத்து வீட்டு அம்மாளை நாற்காலியோடு நான்கு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். நால்வரும் மேல்வீட்டில் குடியிருக்கும் இளைஞர்கள். அவர்கள் அன்று ஊருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்து, மட்டம் உயராமல் சாலை போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தியிருந்தார். எங்களைப் போன்ற கிளைத் தெருக்களில் அது நடக்கக் காணோம்.

ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்டது. வழுக்காத தரை, சாய்தளம் என அதில் உள்ளவை நல்லவையே; ஆனால் அவை கட்டி விற்பவர்களை நோக்கி எழுதப்பட்டவை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதுமை அடைவது, தாம் கட்டிய வீட்டிலும் அந்த வீடிருக்கும் தெருவிலும்தான். எனவே இத்தகைய நகர்களை முதியோர் மிகுந்த பகுதிகள் என்று அடையாளம் கண்டு, சாலை மட்டத்தை முதலில் சீர்செய்ய வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே, தூக்கிச் செல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலை வார்டுதோறும் எடுத்து வைக்க வேண்டும்.

பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தில் துருப்பிடித்த சறுக்குமரம் ஒன்று நிற்கிறது. பேரப்பிள்ளைகள் மே மாதம் பதினைந்து நாள் வருவார்கள் என்பதால் அது இருக்கட்டும். மீதி நாள்களுக்குச் சாய்ந்து உட்காரக்கூடிய பெஞ்சு நான்கும், மேடுபள்ளமில்லாத நடைபாதை ஒன்றும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கடலூர்.