பேர் யாருக்கு, ஆட்டம் யாருக்கு

அம்மாப்பேட்டை, சேலம்
ஆனி கடைசி

அன்புள்ள பத்மா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. துணைத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு என்று பள்ளியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள், உடனே பதில் போட முடியவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது டிவி சீரியலில் யார் என்ன பட்டு கட்டியிருக்கிறார்கள் என்று துல்லியமாகச் சொல்கிறாள், கூடவே அது எந்த ஊர் நெசவு என்றும். மல்கோவா இந்த வருஷம் சுமார்தான். குண்டு மாம்பழம் நன்றாக இருந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கேம் எல்லாம் பசங்களுக்குத்தான்" என்று சின்னவன் சொன்னதற்கு உன் மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தாய். அதோடு, "அவள் ஆடினாலும், பார்த்துக் கத்துக்கிற மாதிரி அதில் எந்தப் பொம்பளை இருக்கிறாள்? ஒன்று கடத்திக்கொண்டு போகிறார்கள், இல்லை அரைக்கால் டிரவுசர் போட்டுத் துப்பாக்கி தூக்குகிறாள்" என்றும் கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயம்தான். ஆனால் கேட்கிற ஆள் நீயா? எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த டிவி கேமில், மரியோவைத் தட்டித் தட்டிக் கோட்டைக்குக் கொண்டு சேர்த்தவள் நீதானே. ஒவ்வொரு கோட்டையிலும் "இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள்" என்று வரும். எங்கள் அண்ணன்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வான். நீ கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, "அவளுக்குக் கால் இல்லையா? அவளே ஓடி வர மாட்டாளா?" என்று கத்தினாய். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் முதல் விமர்சகர் நீதான்.

அந்தக் கதை 1981லேயே ஆரம்பித்துவிட்டது. டாங்கி காங் என்ற கேமில் ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு சாரத்தின் உச்சியில் நிற்கும், அவளை மீட்க ஏறுகிறவன் நம் மரியோதான். அவளுக்கு வேலை, "காப்பாத்துங்க" என்று கையை ஆட்டுவது மட்டும். அப்போது பேர்கூட வைக்கவில்லை, பெண் என்றுதான் குறிப்பிட்டார்கள். பாலின் என்ற பேர் பிறகு வந்தது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: 2017ல் வந்த சூப்பர் மரியோ ஒடிசியில் அதே பாலின் ஒரு நகரத்துக்கு மேயர்! சாரத்தில் நின்று கத்தியவள் மேயரம்மாவாக 36 வருஷம் ஆகியிருக்கிறது. நடுவில் 2013ல் அமெரிக்காவில் ஒரு அப்பா, தானே கேம் செய்கிறவர், தன் மூன்று வயது மகள் "நான் அந்தப் பொண்ணா ஆடி மரியோவைக் காப்பாத்தணும்" என்று கேட்டதற்காக ராத்திரியில் உட்கார்ந்து பழைய டாங்கி காங்கையே மாற்றி எழுதிக் கொடுத்தார்.

மரியோவின் இளவரசி பீச்சுக்கும் 2005ல் தனியாக ஒரு கேம் செய்தார்கள். அதில் மாட்டிக்கொள்வது மரியோ, மீட்கப் போவது அவள். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? அவளுக்குக் கொடுத்த சக்தி என்ன தெரியுமா, மனசு மாறுவது! அழுதால் கண்ணீர் கொட்டிச் செடிக்குத் தண்ணீர் பாயும். கோபம் வந்தால் உடம்பெல்லாம் நெருப்பு. சந்தோஷம் வந்தால் பறப்பாள். மரியோவுக்குத் தாவல், இவளுக்கு அழுகை. செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு என்னவோ, "பொம்பளைன்னா பொசுக்குன்னு அழுவா" என்று எங்கள் பெரியப்பா சொல்வதையே யாரோ பட்டன் வைத்து விற்றது போல இருந்தது.

நீ சொன்ன அரைக்கால் டிரவுசர்க்காரி லாரா கிராப்ட். டூம் ரைடர் என்ற கேமின் நாயகி, 1996. முதல் கேமைத் திரும்ப ஆடிப் பார்த்தால் அவள் பேரில் குறை சொல்ல முடியாது. படித்தவள், தனியாகக் குகைக்குள் போகிறாள், யாருக்கும் காத்திருப்பதில்லை. அவளை விற்ற விளம்பரங்கள்தான் அவள் உடம்பை மட்டும் விற்றன. 2013ல் புதிதாக எடுத்தபோது ரியானா பிராட்செட் என்ற பெண் எழுதினார். அதில் லாரா முழு பேண்ட் போட்டிருக்கிறாள், விழுந்தால் வலிக்கிறது. அந்த லாராவை உன் மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆடலாம். ரத்தம் அதிகம்.

ஆனால் எனக்கு இதில் உறுத்துகிற விஷயம் உடையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள். அம்மா ராட்டையில் நூலைத் தார் சுற்றித் தந்தால்தான் அப்பாவுக்குத் தறியில் நாடா ஓடும். அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட காலத்தில் அம்மாவே தறியில் ஏறி உட்கார்ந்து வெண்பட்டு நெய்தாள். சங்கத்துப் பாஸ்புக்கில் அப்பவும் அப்பா பேர்தான். நெய்தது யார் என்று தெருவுக்கே தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது. கேம்களின் கதையும் பெரும்பாலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடுவது ஒருத்தி, பேர் இன்னொருவனுக்கு.

1986ல் மெட்ராய்டு என்று ஒன்று வந்தது. இரும்புக் கவசம் போட்ட சேமஸ் என்ற வீரர் வேற்றுக் கிரகத்தில் சண்டை போடுவார். கூட வந்த ஆங்கிலக் கையேடு முழுக்க ஆண் என்றே எழுதியிருக்கும். சீக்கிரமாக முடித்தால்தான் கடைசியில் தலைக்கவசம் கழன்று அது பெண் என்று தெரியும். அந்தக் காலத்துப் பையன்கள் எத்தனை பேர் வாயைப் பிளந்திருப்பார்கள்! எனக்கும் அந்த இடம் பிடிக்கும். ஆனால் இன்னும் சீக்கிரமாக முடித்தால் கவசம் போய் நீச்சல் உடையில் நிற்பாள். அத்தனை சண்டையும் போட்டவளைக் கடைசியில் ஆடியவனுக்குப் பரிசாக ஆக்கிவிட்டார்கள். அது கையேட்டில் பேர் இல்லாததைவிட மோசம்.

2018ல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் கஸாண்ட்ரா, அலெக்ஸியோஸ் என்று அக்கா தம்பி. யாராக வேண்டுமானாலும் ஆடலாம். அதிகாரபூர்வக் கதைப்படி நாயகி அக்காதான். அட்டைப் படத்தில் நிற்பது தம்பி! அவளை மட்டும் வைத்து எடுக்கத்தான் முதலில் நினைத்தார்கள், பெண் நாயகி விற்காது என்று மேலிடத்தில் தடுத்துவிட்டார்கள் என்று 2020ல் செய்தி வந்தது. எனக்குப் பாஸ்புக் ஞாபகம் வந்தது.

செல்டா என்ற இளவரசியின் கதை இதற்கு நேர் எதிர். 1986லிருந்து அட்டையில் அவள் பேர்தான் பெரிதாக இருக்கும். உள்ளே போனால் வாள் பிடித்து ஓடுகிறவன் லிங்க் என்ற பையன். அவள் பெரும்பாலும் எங்கேயாவது சிறையிலோ தூக்கத்திலோ இருப்பாள். நின்டெண்டோ கம்பெனியின் முக்கிய வரிசையில் அவளையே நாயகியாக வைத்து ஒரு கேம் வர 2024 ஆகிவிட்டது. எக்கோஸ் ஆஃப் விஸ்டம் என்று பேர். அதில் அவள் பார்த்த பொருளை மந்திரக்கோலால் பிரதி எடுக்கிறாள். பெரும்பாலும் நான் எடுத்தது பழைய கட்டில். கட்டில் மேல் கட்டில் போட்டுச் சுவர் ஏறலாம், பள்ளத்தில் பாலம் போடலாம், களைப்பாக இருந்தால் அதிலேயே படுத்துத் தெம்பு ஏற்றிக்கொள்ளலாம். அரக்கன் வந்தாலும், தான் முன்பு அடித்துப்போட்ட அரக்கனையே பிரதி எடுத்து ஏவி விடுவாள். வாளும் உண்டு, கொஞ்ச நேரத்துக்குத்தான். எனக்கு வாளைவிடக் கட்டில்தான் பிடித்தது.

கயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ப்ளஸ் ஒன் வந்துவிட்டாள். போனில் ஏதோ துப்பாக்கி கேம் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள். அதில் அவள் பேர் கார்த்தி. மைக்கை எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள். ஒருநாள் மைக் தெரியாமல் ஆன் ஆகிவிட்டது. "அண்ணா, பின்னாடி பாருங்க" என்று இவள் கத்த, அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதி. அப்புறம், "டேய், பொண்ணுடா!" ஒருத்தன் நம்பர் கேட்டான். ஒருத்தன், போய்ச் சமையலைப் பார் என்றான். அவர்களையெல்லாம் விட இவளுக்குக் கோபம் வந்தது மூன்றாவது ஆள்மேல். அவன் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. தன்னிடமிருந்த நல்ல துப்பாக்கியை இவள் முன்னால் வைத்துவிட்டு, "நீ பின்னாடியே வாம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றானாம். "அதுவரைக்கும் அந்த டீமில் அதிகம் பேரை அடிச்சது நான்ம்மா" என்று என்னிடம் வந்து பொருமினாள்.

இதில் வேடிக்கை, எங்கள் அண்ணன் மகன் எடுத்து ஆடுவது பெண் பாத்திரம். ஏன்டா என்றால் "டிரெஸ் நல்லாருக்கு அத்தை" என்கிறான். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் ஆண் சேலை கட்டித் திரௌபதியாக வந்து நிற்பான். ஊரே கையெடுத்துக் கும்பிடும், யாரும் நம்பர் கேட்பதில்லை. அண்ணன் மகனுக்கும் அப்படித்தான், எந்த வேஷமும் போடலாம். இவள் ஒருத்திதான் ஆண் பேருக்குள் ஒளிந்து ஆட வேண்டியிருக்கிறது.

குழுவாக ஆடும் கேம்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெண் என்று தெரிந்தால் "நீ ஹீலர் எடுத்துக்கோ" என்பார்கள். அடிபட்டவர்களுக்கு மருந்து போடும் வேலை. தார் சுற்று என்பதுதான் அது, வேறென்ன. அந்த வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை, அது இல்லாமல் எந்த டீமும் நிற்காது. ஓவர்வாட்ச் கேமில் ஆனா என்று ஒரு எகிப்துக்காரி இருக்கிறாள். வயது அறுபது, நரைத்த பின்னல், ஒரு கண்ணில் கட்டு. அவளும் வைத்தியக்காரிதான், ஆனால் தூரத்திலிருந்து துப்பாக்கியால் குறி பார்த்து மருந்தைச் சுடுவாள். நம் வயதுக்கு அவள்தான் சரி என்று கயல் கிண்டல் செய்கிறாள். நமக்கு இன்னும் அறுபது ஆகவில்லை என்று அவளுக்குச் சொல்லி வை.

இப்போது நீ கேட்ட பார்த்துக் கத்துக்கிற பொம்பளை. புனேயில் செய்து 2020ல் வந்த ராஜி உண்டு. தம்பியை அரக்கர்கள் தூக்கிப்போக, கழைக்கூத்து தெரிந்த அக்கா தேடிப் போவாள். துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்வார்கள். பார்க்க அழகு, முடிவுதான் பட்டென்று அறுந்துவிடுகிறது.

அப்புறம் வெண்பா. அதை நீயும் ஆட வேண்டும். 2023ல் டொராண்டோவில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருவர் குழு சேர்த்துச் செய்தது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், வெண்பா என்ற அம்மா, வீட்டுக்காரர் பாவலன், மகன் கவின். அடுத்த வருஷமே பாப்டா என்ற பிரிட்டிஷ் விருது விழாவில் முதல் படைப்புக்கான விருது வாங்கியது. துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது, சமையல்தான். பழைய குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கும், எழுத்து பாதி போயிருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, எது முதலில், எது பிறகு என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கயல் முதல் தடவை இட்லியைக் கெடுத்தாள். அம்மா பின்னாலிருந்து, புதுக் கண்ணோடு, "அப்படியில்லடி" என்று எழுந்தே வந்துவிட்டாள்.

எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, "கடைசியில் பொம்பளையைச் சமையலறைக்கே அனுப்பிட்டாங்களா?" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. வெண்பா ஊரைவிட்டு வந்தவள், மகன் தன்னைவிட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள், சமயத்தில் விட்டுக்கொடுப்பவள், சமயத்தில் கொடுக்காதவள். கரண்டி பிடித்திருந்தாலும் முடிவு அவளுடையது. மகன் வளர்ந்து அவள் சமையல் குறிப்பைப் படிக்கத் தடுமாறும் இடம் வரும். அங்கே நான் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினேன், கயலிடம் சொல்லிவிடாதே. அட்டையிலும் அவள் பேர்தான்.

செய்தவர்களில் பெண்கள் உண்டா என்று உன் மகள் கேட்டால் கரோல் ஷாவைச் சொல். 1982ல் ரிவர் ரெய்டு எழுதியவர். ஆற்றின் மேல் விமானம், இருபுறம் கரை, வழியில் பெட்ரோல் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அத்தனையும் நான்கு கிலோபைட்டில். இப்போது நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. பூரான் சுடும் சென்டிபீட் ஞாபகம் இருக்கிறதா? அதை 1981ல் அட்டாரி கம்பெனிக்காகச் செய்த இருவரில் ஒருவர் டோனா பெய்லி என்ற பெண். நான் இதை ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அந்தக் காலத்திலேயே செஞ்சாங்கன்னா, ஏன் மிஸ் புத்தகத்தில் இல்ல?" என்றாள். நல்ல கேள்வி, நானும் பதில் சொல்லவில்லை.

சின்னவனிடம் சண்டை போடாதே. இருவரையும் சேர்த்து உட்கார வைத்து ஆளுக்கொரு கோட்டையாக ஆட விடு. புதிதாக எதுவும் வாங்கிவிடவும் வேண்டாம், கயலின் சுவிட்ச் என்ற கேம் கருவி இங்கே இருக்கிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வாருங்கள். பிள்ளைகள் ஆடட்டும், நாம் நாலு ரோட்டுப் பக்கம் போய்த் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வருவோம். ஒருநாள் ஏற்காடு ஏறலாம். கொண்டை ஊசி வளைவில் உனக்கு வாந்தி வரும் என்று தெரியும், முன் சீட்டு உனக்கே.

வரும்போது தூத்துக்குடி மக்ரூன் மறக்காதே. போன தடவை பொடியாகத்தான் வந்து சேர்ந்தது, இந்த முறை டின்னில் போட்டுக் கொண்டுவா.

அன்புடன்,
செல்வி