தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடைக்காலக் கார் பராமரிப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்புகளைப் படித்தேன். டயர், ஏசி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எஞ்சின் ஹீட் ஆனால் நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, கழற்றிவிட்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மேட்டுப்பாளையத்தில் ரொம்ப காலம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் நான். மே மாதம் வந்தால் கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வரைக்கும் ரோட்டோரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற வண்டிகளில் பாதி எங்கள் பக்கம்தான் கட்டி இழுத்து வரப்படும், அதில் யாரோ ஒரு மெக்கானிக் ஏற்கெனவே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்ட வண்டிகளும் நிறைய இருக்கும்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. எஞ்சின் சூட்டை எடுத்துப்போகிற திரவமான கூலன்ட் சுமார் 82 முதல் 88 டிகிரிக்கு வரும்போது (வண்டிக்கு வண்டி மாறும்) மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், அதுவரை ரேடியேட்டருக்குப் போகிற வழி அடைத்தே இருக்கும். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டியது 90-ஐ ஒட்டிய சூடு, ஆகவே நம் ஊர், குளிர் நாடு என்ற பேச்சே இங்கே கிடையாது. கழற்றிவிட்டால் வண்டி வேகமாகப் போகும்போது எஞ்சின் சூடே பிடிக்காது, இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும், மைலேஜ் போகும், ஆயிலில் கசடு சேரும். அதுகூடப் பரவாயில்லை. பல எஞ்சின்களில் இந்த வால்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு, ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுவது. வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும், சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றும். ஹீட்டைக் குறைக்கக் கழற்றினோம், மலையேற்றத்தில் ஹீட் அதிகமாகிறது என்று வந்து நிற்பவர்களுக்கு இதுதான் காரணம். சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத்தில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துத் தண்ணீரைச் சூடாக்கிப் பாருங்கள். வால்வில் பொறித்திருக்கிற டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். பெரிய செலவெல்லாம் இல்லை.

என்னைக் கேட்டால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஓனரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், எப்போது ஹீட் ஆகிறது? சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் ஹீட் காட்டுகிற முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் பெரும்பாலும் ஃபேன்தான். ஏசியைப் போட்டுப் பாருங்கள், அநேகமாக எல்லாக் கார்களிலும் ரேடியேட்டர் ஃபேன் ஓட வேண்டும், ஓடவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான். மாறாக ஊருக்குள் சும்மா இருந்துவிட்டு பைபாஸ் ரோட்டில் வேகம் எடுத்ததும் ஹீட் ஆனால் ஃபேனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கூலன்ட் அளவு இந்த மூன்றையும் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும், முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்தால் அது போகாது.

எந்த ஒழுகலும் தெரியவில்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறதா? அப்புறம் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருப்பது, காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, இதெல்லாம் அதன் அடையாளம்.

எல்லோரும் மறந்துவிடுகிற சாமான் ரேடியேட்டர் மூடி. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே அத்தனை பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற மூடி அது, குக்கர் வெயிட் செய்கிற வேலைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் ஓடுகிற சூடு எவ்வளவு? 90-க்கு மேல். அப்படியென்றால் மூடியின் ரப்பர் போன வண்டி, குளுகுளு ஊட்டியில் போய்க் கொதிப்பதில் என்ன ஆச்சரியம்? நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வரை தாங்கும். இருந்தாலும் வெறும் தண்ணீர் வேண்டாம், அதிலும் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும். நமக்கு உறைபனித் தொல்லை இல்லைதான், கூலன்ட் ஊற்றுவது துரு பிடிக்காமல் இருக்கவும் கொதிநிலையைக் கொஞ்சம் கூட்டவும். அடர்த்தியாக வருவதை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் வருகிறது, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வழியில் முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்துவிட்டு, எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரைக் கூட்டுங்கள் (உள்ளே வேகும், கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள்), பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் மூடியில் கை வைக்காதீர்கள், ஆவி முகத்தில் அடித்துவிடும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். உச்சத்தில் இருந்த முள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், கூலன்ட் மொத்தமும் காலியாகி சென்சார் காற்றில் நின்றுகொண்டிருக்கலாம், அதற்கப்புறமும் ஓட்டினால் எஞ்சின் சீஸ்தான். இப்போது பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும். அது எரியும்போது ஏற்கெனவே நேரமாகிவிட்டிருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்க வண்டியில் வைத்திருக்கிற ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கினால் போனிலேயே டிகிரி தெரியும், அடிக்கடி மலையேறுகிறவர்களுக்கு உபயோகம்.

அப்புறம், வடித்த பழைய கூலன்டை வாசலில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள கிளைக்கால் என்கிற ரசாயனம் இனிப்பாக இருக்கும், தெரு நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே கிட்னி போய்ச் செத்துவிடும். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேட்டுப்பாளையம்.