லட்சுமி கன்று போடுவதற்குள்

ஊஸ்டர், ஒஹாயோ
23-2-2014

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் பருப்புப்பொடியும் வந்து மூன்று வாரமாகிறது. "போனில் மூணு நிமிஷத்தில் வெச்சிடறே, எழுதினாலாவது பதில் வருதா பார்ப்போம்" என்று எழுதியிருந்தாய். அதற்கும் இத்தனை நாள் ஆக்கிவிட்டேன். திட்டாதே, இங்கே பன்றிகளுக்குக் கொள்ளைநோய். (மாமா கேட்டால் மாட்டு டாக்டர் என்றே சொல்லிக்கொள்.)

போன வருஷம் ஏப்ரல், மே வாக்கில்தான் இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். சிறுகுடலின் உட்பக்கம் டவலில் இருக்கும் இழை மாதிரி பூப்பூவாக இருக்கும், பாலை உறிஞ்சுவது அதுதான். வைரஸ் அதை மழுங்கச் சிரைத்துவிடுகிறது. குட்டி குடித்ததெல்லாம் தண்ணீராகப் போய் இரண்டு மூன்று நாளில் காய்ந்து செத்துவிடும். ஒரு வாரம் ஆகாத குட்டி என்றால் பிழைப்பதே அபூர்வம். கொரோனா என்று ஒரு வகை, கிரீடம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இது மனிதருக்கு ஒட்டாது, பயப்படாதே.

குளிர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். லாரிச் சக்கரத்திலும் பூட்ஸிலும் சாணியோடு ஒட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போய்விடும். அதனால் கொட்டகைக்குள் போகும்போது ஒரு குளியல், வெளியே வரும்போது ஒரு குளியல். குளிக்கச் சொல்லி நீ விளக்குமாற்றோடு துரத்திய பிள்ளை, ஜனவரியில் மைனஸ் 20க்குக் கீழே போன அன்றைக்கு நாலு தடவை குளித்தான்.

கீழ்வீட்டுத் தாத்தா ஒரு மாதிரி. வணக்கம் சொல்ல மாட்டார், "இன்னைக்கு எத்தனை செத்துச்சு?" என்பார். விடியுமுன்னே என் படியில் கிடக்கும் பனியையும் சேர்த்து வாரிவிடுவார், நன்றி சொன்னால் முறைப்பார். அந்தக் காலத்தில் பன்றி வளர்த்தவர். கழிச்சல் வந்தால் செத்த குட்டியின் குடலை அரைத்துச் சினைப்பன்றிக்குக் கொடுப்பார்களாம். கேட்க அருவருப்பு, ஆனால் காரணம் உண்டு. தாயின் குடல் வைரஸைக் கண்டுகொண்டால் அதற்கான எதிர்ப்புச்சக்தி மடிக்குப் போய்ப் பாலில் இறங்கும். 1970களில் இதைக் கண்டுபிடித்தவர்கள் இந்த ஊர் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். அவர்களில் ஒருவரான லிண்டா சைஃப் அம்மா இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார். ஒரு வேளை குடித்தால் போதாது, குட்டி அந்தப் பாலை விடாமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சோதனைக்கென்று சில குட்டிகளைத் தாய் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்து, கிருமி புகாத பிளாஸ்டிக் கூண்டில் வளர்க்கிறோம். சுவரோடு ஒட்டிய கையுறைக்குள் கையை விட்டுத்தான் புட்டிப்பால் வைக்கணும். போன ஞாயிறு ஒரு குட்டி பாலை விட்டுவிட்டு என் ரப்பர் விரலைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. கையை எடுக்க மனசு வரவில்லை. ஞாயிறும் போகிறாயா என்று கேட்காதே, வேலை அதிகம். அறைக்கு வந்து பொடி டப்பாவைத் திறந்தால் மூடியில் உன் கையெழுத்து: "ஈரக்கை வைக்காதே." அப்புறம் கொஞ்ச நேரம் சாப்பிட முடியவில்லை.

சரி, லட்சுமி இந்த மாசக் கடைசியில் ஈனும் என்றாயே. நஞ்சுக்கொடி விழுந்தப்புறம்தான் கன்றை ஊட்டவிடணும் என்று அப்பத்தா சொல்லும், கேட்காதே. கன்று விழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு முட்டச் சீம்பால் குடிக்கட்டும். ஒரு நாள் கழிந்தால் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச்சக்தி கன்றின் ரத்தத்தில் ஏறாது. அடுத்த நாட்களிலும் குறைக்காதே. மிச்சமிருந்தால் எதிர்வீட்டுக்குக் கொடு, மிச்சமிருந்தால் மட்டும்.

இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளித்தான் வரும், இங்கே பேங்கில் ஏதோ மாற்றம். எனக்கு ஒரு குறையுமில்லை. ஜாக்கெட்கூட நல்லதாகக் கிடைத்துவிட்டது, ஜிப் மட்டும்தான் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். கவிதா கல்யாணத்தை வைகாசியில் வைப்பதா ஆவணிக்குத் தள்ளுவதா என்று அப்பாவிடம் கேட்டு எழுது. ஆவணி என்றால் டிக்கெட் எடுக்கத் தோதாக இருக்கும். மாப்பிள்ளை வீட்டில் வண்டி கேட்டால் சட்டென்று தலையாட்டிவிட வேண்டாம் என்று சொல். சொசைட்டிக் கடன் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். கன்று கிடேரியா காளையா என்று மட்டும் அன்றைக்கே போன் பண்ணிவிடு, இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் மகன்,
செந்தில்